உள்ளே இழுத்துப் போடுங்கோ

கொட்டாஞ்சேனை
12 மே 2024

அன்புள்ள ஜொனாதனுக்கு,

நானும் பிள்ளை டில்ஷானியும் சுகமாக இருக்கிறோம். உங்கள் இருமல் விட்டதா? அந்தக் குளிரறைக் களஞ்சியத்துக்குள் ஜாக்கெட் இல்லாமல்தான் போய் வருகிறீர்கள் என்று எனக்குத் தெரியும். கேட்டால் மறைப்பீர்கள்.

போன் இருக்கும்போது கையால் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறாளே என்று சிரிக்க வேண்டாம். நம்முடைய மேல்மாடி அறையில் எவ்வளவு மெதுவாகக் கதைத்தாலும் கீழே உங்கள் அண்ணன் பிறெடி அத்தானின் குசினிக்குக் கேட்கிறது. இது அவரைப் பற்றியது. அவருடைய வீட்டில் இருந்துகொண்டு வாயால் சொல்ல முடியவில்லை.

தான் துப்பாக்கி விற்கும் துவக்குக் கடையில் காஷியராக என்னைச் சேர்த்துவிட்டவர் அவர்தான். நன்றி இருக்கிறது. முதலாளி மரியாதையானவர், சம்பளம் தவறுவதில்லை. ஆனால் அந்தக் கவுண்டரில் நாள் முழுக்க நடக்கும் கதைகளைக் கேளுங்கள். கோட் போட்ட ஒரு பல் டாக்டர் வந்தார். வானத்தைப் பார்த்துச் சுட்டால் சன்னம் மேலேயே ஆவியாகிவிடும், கீழே வராது என்கிறார். இன்னொருவர், வெடி பட்டவன் பத்தடி தள்ளிப் பறந்து விழுவான் என்று மேசையில் அடித்துச் சொல்கிறார். சேப்டி போட்டுவிட்டால் பிள்ளை தூக்கி விளையாடினாலும் பயமில்லை என்று ஒரு தகப்பன் சொன்னான், மடியில் பிள்ளையை வைத்துக்கொண்டே. கடையில் ஒருவரும் மறுப்பதில்லை. தலையாட்டினால்தானே விற்கும்.

எல்லாவற்றிலும் கேவலமானது அத்தானின் பேச்சு. வேட்டைத் துவக்கு வாங்க வருகிற ஆள் எவராக இருந்தாலும் ஒரே பாடம்தான். தமிழனுக்குத் தமிழில், சிங்களவனுக்குச் சிங்களத்தில்.

"ஐயா, வெளியில சுட்டா நீங்கள் கொலைகாரன். உள்ளுக்குச் சுட்டா வீட்டுக்காரன். அவ்வளவுதான் வித்தியாசம். ஆள் கேற்றுக்கு வெளிய விழுந்தா, ரெண்டு காலையும் பிடிச்சு உள்ள இழுத்துப் போடுங்கோ. பிறகு பொலிசுக்குப் போன் அடியுங்கோ."

இரண்டு கையாலும் இழுத்துக் காட்டுவார். கவுண்டரைச் சுற்றி நிற்பவர்கள் வயிறு குலுங்கச் சிரிப்பார்கள்.

போன வாரம் வந்த ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. பாலசுந்தரம் என்று பெயர். வெள்ளவத்தையில் வீடு, கொலன்னாவையில் துணிக் களஞ்சியம். நெற்றியில் திருநீறு, அமைதியான மனிதர். "உண்மையாவோ தம்பி? சட்டம் அப்பிடியோ?" என்று கேட்டார். "நூறு வீதம் ஐயா. எத்தினை கேஸ் பாத்திட்டன்" என்றார் அத்தான். அந்த மனிதர் மனதுக்குள் எழுதிக்கொள்வதுபோல் தலையை ஆட்டினார். அவர் போன பிறகு, "அத்தான், அப்பிடிச் சொல்லாதேங்கோ" என்றேன். "நீர் பில்லை அடியும்" என்றார்.

உங்களிடம் சொன்னால் மனம் ஆறும் என்று எழுதினேன். நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் அவர் கேட்பார். டில்ஷானி உங்களுக்கு முத்தம் தரச் சொன்னாள்.

உங்கள் அன்பு மறவாத,
றேணுகா


தோஹா
21 மே 2024

என் அன்பின் றேணு,

உமது கையெழுத்தைப் பார்த்ததே பெரிய சந்தோஷம். இரண்டு தரம் வாசித்தேன். இருமல் விட்டுவிட்டது. ஜாக்கெட் போடுகிறேன், அந்தோனியார் மேல் ஆணை.

அண்ணனைப் பற்றி நீர் எழுதியதை வாசித்துச் சிரித்துவிட்டேன், கோபிக்க வேண்டாம். சின்ன வயதிலிருந்தே அவன் அப்படித்தான். ஆட்களைச் சிரிக்க வைத்தால்தான் அவனுக்குச் சாப்பாடு இறங்கும். அது வியாபாரப் பேச்சு. வாங்கிக்கொண்டு போகிறவன் துவக்கை அலுமாரிக்குள் பூட்டி வைத்துவிட்டுத் தூங்கப்போகிறான். யார் சுடப்போகிறார்கள்?

அதோடு அவன் சொல்வது முழுப் பொய்யும் இல்லை. வீட்டுக்குள் நுழைந்தவனைச் சுடச் சட்டம் விடுகிறது என்று இங்கே எங்கள் அறைப் பையன்களும் சொல்கிறார்கள். போனில் ஒரு வீடியோகூட வந்தது, ஒரு லோயர் பேசியது.

நமக்கு வாடகை வாங்காமல் மேல்மாடியைத் தந்தவன் அவன். அதை மறக்க வேண்டாம். காதைக் கொஞ்சம் மூடிக்கொள்ளும் என் தங்கமே. டிசம்பரில் வருகிறேன்.

எப்போதும் உமது,
ஜொனாதன்


கொட்டாஞ்சேனை
16 ஜூன் 2024

அன்புள்ள ஜொனாதனுக்கு,

பிள்ளை தூங்கிய பிறகு மடியில் வைத்து எழுதுகிறேன். எழுத்துக் கோணினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்த மாதத் தொடக்கத்தில் இங்கே வந்த வெள்ளத்தைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். கொலன்னாவையில் வீடுகளுக்குள் இடுப்பளவு தண்ணீர். பாலசுந்தரம் ஐயா துணிகளுக்குக் காவலாகத் துவக்கோடு களஞ்சியத்திலேயே தங்கியிருந்தாராம். விடியும் நேரம் மதிலில் ஏதோ மோதிய சத்தம். எட்டிப் பார்த்தால் ஓர் ஆள் மதிலில் ஏறுகிறான். சுட்டுவிட்டார். தொடையில் பட்டு அந்த ஆள் வெளியே, ஒழுங்கைப் பாதையில் நின்ற தண்ணீருக்குள் விழுந்தார்.

கள்ளன் இல்லை ஜொனாதன். பின்வீட்டு பஸீர். ஓட்டோ ஓட்டுபவர். வீட்டுக் காஸ் சிலிண்டர் தண்ணீரில் அடிபட்டுப் போகாமல் இருக்க அதை மதிலின் மேல் தூக்கி வைக்கப் பார்த்திருக்கிறார். அந்தச் சிலிண்டர் மோதிய சத்தம்தான் அது.

சந்தியில் ஆட்களை ஏற்றுவதற்குப் படகு நின்றது. ஒரு சத்தம் போட்டிருந்தால் வந்திருப்பார்கள். பாலசுந்தரம் ஐயா சத்தம் போடவில்லை. கேற்றைத் திறந்து போய், இரண்டு காலையும் பிடித்து, அந்த ஆளைத் தண்ணீருக்குள்ளால் இழுத்து வந்து களஞ்சியத்துக்குள் போட்டார். "ஐயா, நான் பஸீர், உங்கட பஸீர்" என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தாராம். ஐயாவை வெள்ளவத்தையிலிருந்து கூட்டிவருவதும் கொண்டுபோய் விடுவதும் அவருடைய ஓட்டோவில்தான். உள்ளே போட்டு, கேற்றைப் பூட்டி, சட்டையை மாற்றிக்கொண்டு, அதற்குப் பிறகுதான் பொலிசுக்குப் போன் அடித்தார். அவர்கள் வந்தபோது உயிர் இல்லை.

இதெல்லாம் ஐயாவே பொலிசில் சொன்னது. "துவக்கு வாங்கின கடையில அப்பிடித்தான் செய்யச் சொன்னவங்கள்" என்றும் சொல்லியிருக்கிறார். நேற்று இன்ஸ்பெக்டர் கடைக்கு வந்து அந்த வாக்குமூலத்தை அத்தானின் முகத்துக்கு நேரே வாசித்தார். அத்தான் கண் இமைக்காமல், "அப்பிடி இங்க ஒருத்தரும் சொல்லேல்லை சேர்" என்றார்.

பொலிஸ் போனதும் புரியாணிப் பார்சலை அவிழ்த்தார். கோழிக் காலைக் கடித்துக்கொண்டே, "கிழவனுக்கு ஒழுங்கா இழுக்கவும் தெரியேல்லை. வழி முழுக்க இரத்தத்தை விட்டிருக்கிறான்" என்றார். கடைப் பெடியன்கள் சிரித்தார்கள். நான் காசு மேசையைப் பூட்டிவிட்டு எழுந்து வெளியே போனேன்.

அப்படி யாரும் ஆலோசனை சொல்வதில்லை என்று ஒரு கடிதத்தில் எல்லாரையும் கையெழுத்து வைக்கச் சொல்கிறார் முதலாளி. நான் மட்டும் இன்னும் வைக்கவில்லை. என்ன செய்யட்டும்? உடனே எழுதுங்கள்.

உங்கள்,
றேணுகா


தோஹா
19 ஜூன் 2024

அன்பின் றேணு,

நடந்தது பாவம்தான். அந்த மனிதனுக்காகச் செபித்தேன். ஆனால் நீர் அவசரப்பட்டு ஒன்றும் செய்ய வேண்டாம். கையெழுத்தை வையும்.

யோசித்துப் பாரும். சுட்டது அண்ணனா? இழுத்தது அண்ணனா? படித்த, வயதுபோன மனிதன், கடையில் சிரிப்புக்குச் சொன்ன பகிடியை நம்பிச் செய்தால் அதற்கு அண்ணன் என்ன செய்வான்? நீர் அப்போது பில் அடித்துக்கொண்டிருந்தீர். கேட்கவில்லை என்று சொன்னால் அது பெரிய பொய் அல்ல. எல்லாவற்றையும் யார் கவனித்துக் கேட்கிறார்கள்?

இன்னொன்று. தொடையில் பட்டவன் சாவானா? காலில் சுட்டால் உயிர் போகாது என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அந்த ஆளுக்கு சீனி, பிறஷர் ஏதும் இருந்திருக்கும். வேறு நோய் வருத்தத்தில் செத்ததை எல்லாரும் அண்ணன் தலையில் கட்டப் பார்க்கிறார்கள்.

டில்ஷானியின் பள்ளிக்கூடம் பக்கத்தில் இருக்கிறது, றோஸி அண்ணி அவளைப் பார்த்துக்கொள்கிறா. இதையெல்லாம் குழப்ப வேண்டாம். உம்மைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

அன்புடன்,
ஜொனாதன்


கொட்டாஞ்சேனை
7 ஜூலை 2024

ஜொனாதனுக்கு,

உங்கள் கடிதத்தை வாசித்துவிட்டு நிறைய நாள் ஒன்றும் எழுதவில்லை. எழுதியிருந்தால் கெட்ட வார்த்தை வந்திருக்கும்.

தொடையில் பட்டவன் சாவானா என்று கேட்டீர்கள். கிருலப்பனையில் இருக்கும் என் சிநேகிதி மயூரியைத் தெரியும்தானே, ஆஸ்பத்திரி நேர்ஸ். அவளிடம் கேட்டேன். தொடைக்குள் ஓடுவது பெரிய இரத்தக் குழாயாம். அது அறுந்தால் கொஞ்ச நேரத்தில் ஆள் முடிந்துவிடும். அங்கேயே ஒரு சாரத் துணியால் காயத்தை இறுக்கிக் கட்டிப் படகில் ஏற்றியிருந்தால் பிழைத்திருக்கவும் கூடும் என்றாள். பஸீருக்குச் சீனி வருத்தமும் இல்லை, பிறஷரும் இல்லை. போஸ்ட்மோட்டத்தில் எழுதியிருக்கிறார்களாம். இந்தப் பொய்யை உங்களுக்கு யார் சொன்னது? அத்தானா, அறைப் பையன்களா? இவ்வளவு தூரத்தில் இருந்தும் அந்தக் கவுண்டரில் நிற்கிற ஆட்களைப்போலவே கதைக்கிறீர்கள்.

கடை இப்போது எப்படி இருக்கிறது தெரியுமா? செய்தி பேப்பரில் வந்த பிறகு கூட்டம் கூடியிருக்கிறது. "இழுக்கச் சொன்ன அய்யே யாரு?" என்று அத்தானைத் தேடிக்கொண்டு வருகிறார்கள். செல்ஃபி எடுக்கிறார்கள். ஒருவன், தண்ணீருக்குள் இழுத்தால் தடயம் இருக்காதுதானே என்று கேட்டான். நான் நோட்டை வாங்கி மீதியைக் கொடுத்தேன். வீட்டுக்கு வந்து கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன்.

அதையும் சகித்திருப்பேன். நேற்றுப் பின்னேரம் நடந்ததைக் கேளுங்கள். டில்ஷானியும் அத்தானின் சின்னமகளும் கீழே விளையாடிக்கொண்டிருந்தார்கள். அத்தானின் மகள் வாசலில் மல்லாந்து கிடக்கிறாள். நம் பிள்ளை அவளுடைய இரண்டு காலையும் பிடித்து வீட்டுக்குள் இழுக்கிறாள். படியில் தலை இடிபட்டு அந்தப் பிள்ளை "ஆ" என்கிறது. "செத்த ஆக்கள் கத்தக்கூடாது" என்கிறாள் நம் மகள். பிறகு இரண்டு கையையும் தட்டிக்கொண்டு என்னைப் பார்த்துச் சொல்கிறாள்: "அம்மா, இனிப் பொலிஸ் வந்தாலும் ஒண்டும் செய்யேலாது."

எட்டு வயது.

அத்தான் கதிரையில் சாய்ந்திருந்து கைதட்டிச் சிரித்தார். "என்ர ரத்தம்" என்றார்.

நான் அந்தக் கடிதத்தில் கையெழுத்து வைக்கவில்லை. இன்று காலை பொலிசுக்குப் போய் நான் கேட்டதைச் சொல்லிவிட்டு வந்தேன். அதற்குப் பிறகுதான் இதை எழுதுகிறேன், நீங்கள் தடுக்கக்கூடாது என்பதற்காக.

றேணுகா


தோஹா
10 ஜூலை 2024

றேணுகா,

அண்ணன் எனக்குப் போன் எடுத்தான். ஆம்பிளை அழுவதை நான் முதல்முறை கேட்டேன். அவனுக்கு இரண்டு பிள்ளைகள். அதை நீர் யோசிக்கவில்லை.

பிள்ளை விளையாடினதையெல்லாம் பெரிதாக்கி உமக்கு வேண்டியதைச் செய்துவிட்டீர். என் வீட்டு ஆட்களைக் கோர்ட்டில் ஏற்றிவிட்டு அதே வீட்டில் எப்படி இருப்பீர்? வாக்குமூலத்தை மாற்றலாம் என்று லோயர் சொல்கிறார். சரியாகக் கேட்கவில்லை, குழம்பிவிட்டேன் என்று சொன்னால் போதும். செய்தால் எல்லாவற்றையும் மறந்துவிடுகிறேன். இல்லையென்றால் டிசம்பரில் நான் வரும்போது அந்த மேல்மாடியில் நீர் இருக்கக்கூடாது.

காலம் கெட்டுப்போய்க் கிடக்கிறது. வந்ததும் நானும் ஒன்று வாங்கப்போகிறேன். லைசென்ஸ் விஷயத்தை அண்ணன் பார்த்துக்கொள்கிறான்.

ஜொனாதன்


கிருலப்பனை
17 நவம்பர் 2024

ஜொனாதனுக்கு,

முகவரியைப் பார்த்திருப்பீர்கள். ஜூலையிலேயே மயூரியின் வீட்டு முன்னறைக்கு வந்துவிட்டோம். ஒரு மருந்துக் கடையில் வேலை செய்கிறேன். டில்ஷானி புதுப் பள்ளிக்கூடத்துக்குப் போகிறாள்.

செவ்வாய்க்கிழமை புதுக்கடை நீதிமன்றத்தில் வழக்கு. அத்தான் உங்களுக்குச் சொல்லியிருப்பார், அவருடைய விதமாக. நடந்ததை நானும் சொல்கிறேன்.

என்னைச் சாட்சிக் கூண்டில் ஏற்றி, கடையில் கேட்டதை அப்படியே சொல்லச் சொன்னார்கள். சொன்னேன். சட்டத்தரணி அதோடு விடவில்லை. "கையை எப்படிக் காட்டினார்?" என்று கேட்டார். எல்லாருக்கும் முன்னால் நான் அத்தானைப்போல் இரண்டு கையாலும் இழுத்துக் காட்ட வேண்டியிருந்தது. முன்வரிசையில் பஸீரின் மனைவி ருக்கியா இருந்தார். என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பாலசுந்தரம் ஐயாவுக்கு முகமெல்லாம் வெளிச்சம். "ஓம், ஓம், இதைத்தான் சொன்னவர்" என்று தலையை ஆட்டினார். "கடைக்காரருக்குச் சட்டம் தெரியாமலோ இருக்கும் எண்டு நினைச்சன்" என்றார். போகும்போது என்னைப் பார்த்துக் கும்பிட்டார், ஏதோ நான் அவரைக் காப்பாற்ற வந்தவள்போல. தன்னுடைய பெயரைச் சொல்லி அழைத்த மனிதனை இழுத்துப்போட்ட கைகள் அவை.

வழக்கு மேல் நீதிமன்றத்துக்குப் போகிறது. அத்தானைக் கடுமையாகக் கேள்வி கேட்டார்கள், பிறகு விட்டுவிட்டார்கள். சொன்னதற்காகப் பிடித்து அடைக்க முடியாதாம். அடுத்த நாளே கவுண்டரில் நின்றாராம். இழுக்கிற கதையை இப்போது விட்டுவிட்டார். "முதல் வெடி வானத்துக்கு வைச்சனான் எண்டு சொல்லுங்கோ, வெடியை ஆர் எண்ணினது?" என்பதுதான் புதுப் பாடம் என்று அங்கே வேலை செய்யும் பிள்ளை சொன்னாள். அதற்கும் சிரிக்கிறார்களாம்.

வெளியே படியில் ருக்கியா என்னிடம் வந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். "தங்கச்சி, வெளியா, உள்ளவா, கடையில சொன்னதா, சொல்லல்லையா எண்டு இவ்வளவு நேரம் பேசினாங்க. எங்கட அவரு பேரைச் சொல்லிச் சொல்லிக் கூப்பிட்டத ஒருத்தரும் பேசல்லையே" என்றார். நான் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவரும் விடவில்லை.

நீங்களும் அதைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை ஜொனாதன். எல்லாக் கடிதத்தையும் எடுத்துப் பார்த்தேன். இருக்கவில்லை.

வாக்குமூலத்தை மாற்றினால் மறந்துவிடுவேன் என்று எழுதியிருந்தீர்கள். நான் மாற்றவில்லை. நீங்களும் மறக்க வேண்டாம். டிசம்பரில் வந்து துவக்கு வாங்கினால், அது இருக்கும் வீட்டுக்கு என் பிள்ளை வரமாட்டாள். வாங்காவிட்டாலும் நான் வரமாட்டேன்.

எனக்கு இனி எழுத வேண்டாம். டில்ஷானிக்கு எழுதுங்கள், அவள் உங்களைத் தேடுகிறாள். அவளிடம் கொடுக்குமுன் ஒவ்வொரு வரியையும் நான் வாசிப்பேன்.

றேணுகா