வாரம் ஒரு ஜோடி

ஃபஹாஹீல், 1977

அன்பு நாகவள்ளிக்கு, நான் சுகம். அப்பா, அம்மா சுகமா? உனக்கு இருமல் நின்றதா?

இந்த அரபு நாட்டில், எங்கள் கேம்ப் டிவியில் ஜப்பான் காதல் நாடகம் போடுகிறார்கள். வாராவாரம் புது ஜோடி, புதுக் கதை. ரூமில் இருக்கும் மாயாண்டி அண்ணனுக்கோ எல்லாரும் ஒரே பெண்தான். "போன வாரம் ஒருத்தனுக்காக அழுதா, இன்னைக்கு வேறொருத்தனா?" என்று கத்துகிறார். இவள் வேறு, அவள் வேறு என்று சொல்லிச் சொல்லி என் தொண்டை வற்றிவிட்டது.

அந்தப் பெண்களாவது புருஷனிடம் வாய் திறக்கிறார்கள். நீங்கள் பேசி அனுப்பிய கேசட்டில் ஊரே பேசியது. நீ இருமியதோடு சரி. அப்பா முன்னால் வெட்கம் என்றால், அவர் வயலுக்குப் போனபின் பேசக் கூடாதா?

டூட்டி பஸ் ஹாரன் அடிக்கிறது. புதுக் கேசட்டைச் சீக்கிரம் அனுப்பு. அந்த இருமலையே திரும்பத் திரும்பப் போட்டு டேப் அறுந்துவிட்டது.

கார்மேகம்