நீலப் பக்கத்தில் நின்ற அத்தானுக்கு

என் பாசத்துக்குரிய அத்தான்,

வருகிற மாதத்தோடு நீங்கள் போய் ஒரு வருடம் ஆகிறது. றெஜினா அக்கா ஆண்டுப் பூசைக்குச் சொல்லிவிட்டாள். பேப்பரில் உங்கள் படத்தோடு நாலு வரி போடுகிற வேலையை என்னிடம் விட்டிருக்கிறாள். நாலு வரி எழுதத்தான் உட்கார்ந்தேன். எல்லோரும் எழுதுகிற நாலு வரியை உங்களுக்கு எழுத எனக்கு உரிமை இல்லை என்று பட்டது. அதனால் இப்படி நீண்டுபோகிறது.

முதலில் நீங்கள் கேட்கக்கூடிய செய்தியைச் சொல்கிறேன். உங்கள் உதைபந்துக் கழகம் நீலம் போன பருவத்தில் ஒரு பிரிவு கீழே இறங்கிவிட்டது. கடைசி ஆட்டத்தில் கோல்காப்பாளர் கையிலிருந்து நழுவிய பந்து. நீங்கள் இருந்திருந்தால் ஒரு கிழமை சோறு தின்றிருக்க மாட்டீர்கள். எங்கள் சிவப்பு கீழிருந்து ஏறி அதே பிரிவுக்கு வந்திருக்கிறது. எத்தனையோ வருடத்துக்குப் பிறகு இரண்டும் மறுபடி மோதப்போகின்றன. உங்கள் மகள் ஜெனி நாட்காட்டியில் வட்டம் போட்டு வைத்திருக்கிறாள். அவளுக்குப் பதினொரு வயதாகிவிட்டது, அத்தான். இங்கிலீசில்தான் எல்லாம். நடுவில் "மாமா" மட்டும் தமிழில் வரும். தன்னை அந்த ஆட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போகவேண்டியது மாமாதான் என்கிறாள்.

இந்தப் பேப்பரை வாசிக்கிறவர்களில் பலருக்கு நம்முடைய பந்துக் கதை தெரியாது. எண்பத்து நாலில் லண்டனில் வந்து இறங்கினோம். நீங்கள், அக்கா, நான், மூன்று பேரும் டூட்டிங்கில் ஒரு சைக்கிள் கடைக்கு மேலே இரண்டு அறையில் இருந்தோம். உங்களுக்கு ஆஸ்பத்திரிச் சலவைப் பகுதியில் வேலை. எனக்கு கோலியர்ஸ் வுட் பக்கம் ஒரு பாண் சுடும் தொழிற்சாலை. ஊரில் நீங்கள் கோல்காப்பாளராக நின்றவர். லண்டனில் முதல் சம்பளம் கிடைத்த சனிக்கிழமையே நீலத்தின் மைதானத்துக்குப் போய்விட்டீர்கள். அதற்கு நீங்கள் சொன்ன காரணம் எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. "அவங்கடை கீப்பர் குள்ளன், மச்சான். என்னை மாதிரி."

உங்களோடு வேலை செய்த ஒரு வெள்ளைக்காரக் கிழவர்தான் இரண்டு கழகங்களின் பகைக்கும் உங்களுக்கு வரலாறு சொன்னவர். அதை நீங்கள் சாப்பாட்டு மேசையில் எங்களுக்குச் சொன்னீர்கள். ஒரே கோயில் பங்கைச் சேர்ந்த பொடியள் சேர்ந்து தொடங்கிய ஒரே கழகமாம். எந்த வளவில் விளையாடுவது என்ற சண்டையில் இரண்டாகப் பிரிந்தார்களாம். பிறகு பெரிய யுத்தத்தில் சிவப்பின் மைதானத்தில் குண்டு விழுந்தது. நீலம் தன் மைதானத்தைச் சிவப்புக்கு விட்டுக்கொடுத்தது. பகை அதோடு தீர்ந்திருக்க வேண்டும். ஆனால் அதற்குப் பிறகுதான் உண்மையாகவே முற்றியது என்று கிழவர் சொன்னாராம்.

அக்கா கேட்டாள், "உதவி செய்தவனோடை என்னத்துக்குக் கோவம்?"

"உதவி செய்தவனைத்தான் மன்னிக்க ஏலாது, றெஜினா," என்றீர்கள். சிரித்துக்கொண்டுதான் சொன்னீர்கள்.

நான் சிவப்புக்குப் போனது டெரியால். தொழிற்சாலையில் என் பக்கத்து மெசினில் நின்றவன். என் பெயர் பீலிக்ஸ். அது வெள்ளைக்காரர்களுடைய வாய்க்கு வந்தது. முதல் நாளிலிருந்தே என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டான். மரியநாயகம் என்ற உங்கள் பெயர் சலவைப் பகுதியில் ஒருவருக்கும் வரவில்லை. "மேரி" என்று கூப்பிட்டுச் சிரிக்கிறார்கள் என்று ஒருநாள் சாதாரணமாகச் சொன்னீர்கள். அந்த வித்தியாசத்தை நான் எனக்குள் ஒரு பெருமையாக வைத்திருந்தேன். இதையும் இப்போது சொல்லிவிட வேண்டும்.

டெரி கெட்டவன் என்று எழுதினால் எனக்கு வசதியாக இருக்கும். ஊரில் அம்மா செத்த செய்தி வந்த கிழமை என் இரண்டு ஷிப்டைத் தானே செய்தவன் அவன். சனிக்கிழமைகளில் என்னைத் தன் கூட்டத்தின் நடுவில் நிறுத்துவான். சிவப்பின் மைதானப் படிக்கட்டில் ஆயிரக்கணக்கான பேரோடு ஒட்டிக்கொண்டு நின்று கத்தும்போது, நான் எங்கிருந்து வந்தவன் என்று யாரும் கேட்கவில்லை. நாட்டை விட்டு வந்த பிறகு அந்த இடத்தில்தான் எனக்குப் பயம் விட்டது. அதே கூட்டம் எதிரணியின் கறுப்பு விளையாட்டுக்காரன் பந்தைத் தொட்டபோதெல்லாம் குரங்கு மாதிரிக் கத்தியது. நான் கத்தவில்லை. வாயை மூடிக்கொண்டு நின்றேன். அது போதும் என்று நினைத்திருந்தேன்.

நீலமும் சிவப்பும் மோதும் நாட்களில் வீட்டில் ஒரே பகிடி. அக்கா இரண்டு பேருக்கும் ரொட்டி சுற்றித் தருவாள். ஒரே வாசலால் வெளிக்கிட்டு, கீழே இறங்கியதும் ஆளுக்கு ஒரு பக்கமாகப் பிரிவோம். தோற்ற அணிக்காரன் ஞாயிற்றுக்கிழமை கோழி வெட்ட வேண்டும். அக்கா எந்தப் பக்கமும் இல்லை. "எனக்குக் கோழி வெட்டுப்பட்டால் சரி," என்பாள்.

எண்பத்தேழாம் ஆண்டு. குளிர் விடாத ஒரு சனிக்கிழமை. உங்கள் மைதானத்தில் ஆட்டம். கடைசி நிமிடங்களில் நீலம் ஒரு கோல் போட்டு வென்றது. எங்களைக் கம்பிவேலிக்குள் அடைத்து வைத்திருந்து, நீலக்காரர்கள் கலைந்த பிறகுதான் பொலிஸ் திறந்துவிட்டது. ரயில் பாலத்துக்குக் கீழே ஒரு குறுக்குப் பாதை. டெரியும் அவனோடு ஏழெட்டுப் பேரும் நானும் அதற்குள் நடந்தோம். இன்னும் வெளிச்சம் இருந்தது.

நீங்கள் எதிரே வந்தீர்கள். ஏன் அந்த வழியாக வந்தீர்கள், அத்தான்? உங்கள் ஸ்ரேஷன் மற்றப் பக்கமல்லவா?

கழுத்தில் நீலத் துணி. தனி ஆள். ஒருவன் நம் நிறத்தவரை இழிவாகச் சொல்கிற "பாக்கி" என்ற சொல்லைக் கத்தினான். மற்றவர்கள் ஓடினார்கள். முதல் அடியில் நீங்கள் சுவரோடு சாய்ந்தீர்கள். அடுத்ததில் விழுந்தீர்கள். பிறகு கால்கள்தான். டெரி அடிக்கவில்லை. அவன் திரும்பி வந்து என் தோளில் கை வைத்தான். "நீ பயப்படாதே, நீ எங்கடை ஆள்," என்ற கருத்தில் ஏதோ சொன்னான்.

எனக்கும் உங்களுக்கும் இடையில் ஒரு பஸ்ஸின் நீளம்கூட இல்லை. "அது என்னுடைய அக்காவின் புருஷன்" என்று நான் சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும்? டெரி அவர்களை நிறுத்தியிருப்பானா? என்னையும் சேர்த்து அடித்திருப்பார்களா? பத்து வருடமாக இரண்டையும் மாறி மாறி யோசித்துப் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு எதையும் யோசிக்கவில்லை. என் கழுத்தில் கிடந்த சிவப்புத் துணியை மூக்குவரை இழுத்து மூடிக்கொண்டேன். நீங்கள் கீழே கிடந்தபடி ஒருமுறை என் பக்கம் பார்த்தீர்கள். கண்ணில் இரத்தம். உங்களுக்கு என்னைத் தெரிந்ததோ தெரியவில்லையோ என்று நான் எனக்குச் சொல்லிக்கொண்டேன். பிறகு மற்றவர்களோடு ஓடினேன்.

ரயிலில் ஏறப் பயந்து, இரண்டு பஸ் மாறி வீட்டுக்கு வந்தேன். அக்கா ஜெனியை இடுப்பில் வைத்துக்கொண்டு கதவைத் திறந்தாள்.

"அத்தான் எங்கை?"

"நான் காணேல்லை."

"வழியிலையும் காணேல்லையோ?"

"இல்லை அக்கா. சனம் கூட."

ஆஸ்பத்திரியிலிருந்து ஆள் வரும்வரை அவள் யன்னலோடு நின்றாள். நான் பிள்ளையை வைத்திருந்தேன்.

தாடை இரண்டு இடத்தில் உடைந்திருந்தது. இடது கண் போய்விட்டது. நீங்கள் வேலை செய்த அதே ஆஸ்பத்திரி. உங்களுக்கு விரித்திருந்த வெள்ளை விரிப்பைப் பார்த்து, "இது நான் மடிச்சதாய் இருக்கும்," என்று வாய் திறக்க முடிந்த முதல் நாளில் சொன்னீர்கள். அக்கா வெளியே போய் அழுதாள். பொலிஸ்காரர் வந்து கேட்டபோது நான் கட்டிலருகில்தான் நின்றேன். யாராவது ஒருவரின் முகம் நினைவிருக்கிறதா என்று கேட்டார். நீங்கள் ஒற்றைக் கண்ணால் கூரையைப் பார்த்தபடி, ஒருவரின் முகமும் தெரியாது என்றீர்கள்.

நான் தப்பிவிட்டேன் என்று நினைத்தேன். உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன், அத்தான்.

அடுத்த கிழமையே தொழிற்சாலையை விட்டேன். பெற்றோல் ஸ்ரேஷனில் வேலை எடுத்தேன். பழைய வேலையில் சம்பளம் காணாது என்று அக்காவிடம் சொன்னேன். சிவப்பின் மைதானத்துக்கு அதற்குப் பிறகு போகவில்லை. பகையும் தானாகவே தேய்ந்துபோனது. சிவப்பு ஒரு பிரிவு கீழே போனது, பிறகு இன்னொன்று. வடக்கே ஒரு மைதானத்தில் கம்பிவேலியோடு நசுங்கிச் சனம் செத்ததற்குப் பிறகு வேலிகள் போயின. படிக்கட்டுகளை உடைத்துக் கதிரை போட்டார்கள். சிவப்பின் பழைய மைதானம் வீடுகளாகிவிட்டது. பேப்பர்க்காரர்கள் இரண்டு கழகங்களின் பழைய சண்டையை இப்போது பகிடியாக எழுதுகிறார்கள்.

நீங்கள் மட்டும் ஒற்றைக் கண்ணோடு நீலத்துக்குப் போய்க்கொண்டிருந்தீர்கள். பந்து இடப்பக்கம் போனால் தலையை முழுதாகத் திருப்ப வேண்டும் என்றீர்கள். தொண்ணூற்று மூன்றில் ஒருநாள், "பீலிக்ஸ், மட்சுக்கு இன்னொரு ரிக்கெற் கிடக்கு. வாறீரோ?" என்று கேட்டீர்கள். நான் வந்தேன். முதன்முறையாக உங்கள் பக்கத்தில் இருந்தேன். இடைவேளையில் இரண்டு பேருக்கும் தேத்தண்ணி வாங்கி வந்தீர்கள். ஆளில்லாத மைதானத்தைப் பார்த்துக்கொண்டு கேட்டீர்கள்.

"அண்டைக்கு நீர் எந்த வழியாலை வீட்டை வந்தனீர்?"

நான் தேத்தண்ணியை அவசரமாக ஒரு மிடறு குடித்தேன்.

"பஸ்ஸிலை, அத்தான்."

"ஏன், ரயில் இருந்ததுதானே?"

"சனம் கூட."

"ஓம்," என்றீர்கள். கொஞ்சம் பொறுத்து இன்னுமொரு "ஓம்." பிறகு ஆட்டம் தொடங்கிவிட்டது. நீங்கள் தலையை முழுதாகத் திருப்பி மற்றப் பக்கத்து மூலையைப் பார்த்தீர்கள். திரும்பவும் அந்தக் கதையை எடுக்கவில்லை. என்னைத் திரும்பவும் ஆட்டத்துக்குக் கூப்பிடவுமில்லை.

பிறகு உங்கள் சிறுநீரகம் பழுதானது. இரத்தம் சுத்திகரிக்கிற மெசினில் கிழமைக்கு மூன்று நாள். நான்தான் காரில் கூட்டிக்கொண்டு போனேன். ஒவ்வொரு முறையும் இன்றைக்குச் சொல்லிவிடுவது என்று புறப்படுவேன். நீங்கள் களைத்துக் கண்ணை மூடிக்கொண்டிருப்பீர்கள். இந்த நிலையில் சொல்லக்கூடாது என்று எனக்கு நானே இரக்கம் காட்டிக்கொள்வேன். போன வருடம் ஒரு வியாழக்கிழமை நீங்கள் மெசினிலிருந்து எழும்பவில்லை.

முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து ஆட்கள் போன பிறகு, குசினியில் அக்காவும் நானும் பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தோம். எனக்குப் பொறுக்கவில்லை. "அக்கா, அத்தானுக்கு அடிச்ச அண்டைக்கு..." என்று தொடங்கினேன்.

அவள் கோப்பையைத் துடைப்பதை நிறுத்தவில்லை. "எனக்குத் தெரியும்," என்றாள்.

"என்ன தெரியும்?"

"வாய் கட்டியிருக்கேக்கை ஒரு துண்டுப் பேப்பரிலை எழுதிக் காட்டினவர். பீலிக்ஸ் நிண்டவன் எண்டு. உன்னட்டைக் கேக்க வேண்டாம் எண்டும் எழுதினவர். அவன் தானாய் வந்து சொல்லுவான் எண்டார்."

நான் துடைத்துக்கொண்டிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்தேன்.

"பத்து வருசம் பாத்துக்கொண்டிருந்தவர்," என்றாள் அக்கா. "ஒருக்கா கேட்டும் பாத்தவர். மட்சுக்குப் போன அண்டைக்கு. வந்து என்னட்டைச் சொன்னவர், அவனுக்கு இன்னும் ஏலாமல் கிடக்கு, றெஜினா எண்டு."

பத்து வருடம் அவள் எனக்குச் சோறு போட்டிருக்கிறாள், அத்தான். எல்லாம் தெரிந்துகொண்டு. எனக்குக் காய்ச்சல் வந்தபோது கஞ்சி வைத்துக்கொண்டு வந்திருக்கிறாள். நீங்கள் என் காரில் ஏறி, பெல்ற்றைப் போட்டுக்கொண்டு, கண்ணை மூடியிருக்கிறீர்கள். களைப்பு என்று நினைத்தேனே, அது களைப்புத்தானா? இல்லை, நான் வாய் திறக்க இடம் விட்டீர்களா?

மன்னித்தாயா என்று அக்காவிடம் கேட்டேன். "அதை அவரிட்டைக் கேட்டிருக்க வேணும்," என்றாள். பிறகு, "ஜெனி கேக்கிறாள், அப்பாவுக்கு ஏன் ஒரு கண் எண்டு. வேலையிலை விழுந்தவர் எண்டு சொல்லி வைச்சிருக்கிறன். நான் இனிப் பொய் சொல்ல மாட்டன். நீ சொல்லு," என்றாள். அதைச் சொல்லி இப்போது பத்து மாதம். நான் இன்னும் சொல்லவில்லை. நான் எப்படிப்பட்டவன் என்பதற்கு இந்தப் பத்து மாதமும் சாட்சி.

ஜெனி கெட்டிக்காரி. நியாயம் பார்க்கிறவள். பள்ளிக்கூடத்தில் ஒரு சோமாலியப் பிள்ளையை யாரோ தள்ளிவிட்டதற்கு முன்னுக்குப் போய் நின்று, தானும் தண்டனை வாங்கி வந்தாள். அதை என்னிடம் சொல்லும்போது அவளுக்கு அது பெரிய விஷயமாகவே தெரியவில்லை. அவளுடைய முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்க எனக்கு முடியவில்லை.

இந்தக் கடிதம் பேப்பரில் வருவதற்கு முதல், இந்த ஞாயிறு பூசை முடிந்ததும், அவளை இருத்தி வைத்து எல்லாவற்றையும் சொல்வேன். டெரியின் கையைச் சொல்வேன். நான் முகத்தை மூடியதைச் சொல்வேன். அவளுடைய அம்மாவிடம் "காணேல்லை" என்று சொன்னபோது அவள் இடுப்பில் இருந்ததையும் சொல்வேன். வயது, பயம், அகதி என்று ஒரு சாட்டும் சொல்ல மாட்டேன். அதற்குப் பிறகு அவள் என்னோடு ஆட்டத்துக்கு வரமாட்டாள் என்றால், ரிக்கெற்றை அக்காவிடம் கொடுத்துவிட்டு வாசலோடு திரும்பிவிடுவேன். மாமா என்று கூப்பிட மாட்டாள் என்றால் அதையும் ஏற்றுக்கொள்வேன். நீங்கள் காத்திருந்த மாதிரிக் காத்திருப்பேன். ஆனால் மன்னித்தாயா என்று அவளை ஒருநாளும் கேட்க மாட்டேன்.

இது உங்களுக்கு நான் தரும் வாக்கு, அத்தான். உயிரோடு இருந்தபோது தந்திருக்க வேண்டியது.

உங்கள் மனைவியின் தம்பி,
பீலிக்ஸ்