அவர் ஏற்றிய பவரை இறக்கிய நாட்கள்

12 செப்டம்பர் 2024, வியாழன்

கரடிப்பாறையில் தடுப்பூசி நாள். ஏழு கிலோமீட்டர். அதை ரோடு என்று சொன்னால் ரோடே கோபித்துக்கொள்ளும். நடுவில் ஒரு பெரிய மேடு. போகும்போதும் ஏற்றம், வரும்போதும் ஏற்றம். என் வீட்டுக்காரருடைய ஏடிவியில்தான், அந்த நாலு சக்கர மலை வண்டியில்தான் போனேன். பாதி மேட்டில் இன்ஜினுக்குள் சோளம் பொரிகிற மாதிரி சத்தம். நிறுத்தி, ஆறவிட்டு, மறுபடி கிளப்ப நாற்பது நிமிடம். ஊசிப் பெட்டியில் ஐஸ் கரையவில்லை. அது போதும்.

திரௌபதிக்கு ஆறாம் மாதம். போன தடவை வலி வந்ததும் டோலி கட்டித் தூக்கிவந்தார்கள். ரோட்டைத் தொடுவதற்குள் குழந்தை போய்விட்டது. அவள் மாமியார் ராணியம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "இந்த வாட்டி உன் வண்டிலயே இட்டுகினு போய்டு நர்சம்மா" என்றாள். சரி என்று சொல்லிவிட்டேன். எந்த தைரியத்தில் சொன்னேன்?

15 செப்டம்பர், ஞாயிறு

கோகுல்ராஜ் வந்தான். அவருடைய தம்பி. ஜமுனாமரத்தூரில் டூவீலர் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறான். வண்டியைக் கிளப்பிவிட்டு இன்ஜின் பக்கம் குனிந்து கேட்டான்.

"இன்னா பெட்ரோல் ஊத்தறீங்க அண்ணி?"

"கடையில பாட்டில்ல விக்கறதுதான்."

"அது இதுக்கு ஆவாது. அண்ணன் பெரிய பிஸ்டன் போட்டு கம்ப்ரஷன ஏத்தி வெச்சிக்கீறாரு. ஒசந்த பெட்ரோல் ஊத்தலன்னா உள்ளாரயே அடிச்சிக்கும். அதுக்குத்தான் அண்ணன் போளூர்லேர்ந்து கேன்ல கொண்ணாந்து—"

நிறுத்திக்கொண்டான்.

அந்தக் கேனோடு பைக்கில் திரும்பி வரும்போதுதான் லாரி. பிப்ரவரி 18. அதற்கு மேல் எழுத வேண்டாம்.

காபி போட்டுக் கொடுத்தேன். சர்க்கரை போட மறந்துவிட்டேன் போல. அவனும் சொல்லவில்லை.

16 செப்டம்பர்

ஒன்றுமில்லை.

29 செப்டம்பர், ஞாயிறு

கோகுலிடம் கேட்டேன்: பந்தயத்தில் ஜெயித்த இன்ஜின் என்னிடம் மட்டும் ஏன் இப்படி மக்கர் பண்ணுகிறது?

அவன் சொன்னது சுருக்கமாக: அவர் ஓட்டியது செய்யாற்று மணலில், பத்து நிமிடம், முழு வேகத்தில். இந்த இன்ஜின் காற்றால் ஆறுகிறது. வேகமாகப் போனால் காற்று. நான் ஓட்டுவது முதல் கியரில் ஒரு மணி நேரம், பின்னால் மருந்துப் பெட்டியோடு. காற்றுக்கு எங்கே போவது?

"அதுக்காவ பவர கொறைக்கச் சொல்லாதீங்க அண்ணி. மேட்டுக்குப் பவர் வேணும்ல?"

மலையில் எல்லோரும் இதையேதான் சொல்கிறார்கள். நானும் நம்பினேன். சும்மா இருந்துவிட்டேன்.

17 அக்டோபர், வியாழன்

மேட்டு உச்சிக்குக் கொஞ்சம் கீழே புஸ் என்றது. இன்ஜின் மூடிக்கு அடியில் இருக்கிற அடைப்புத் தகடு, ஹெட் கேஸ்கட், போய்விட்டது. மழை வேறு. வண்டியை அங்கேயே போட்டுவிட்டு, பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தேன். மூன்று மணி நேரம் லேட். வந்த தாய்மார்களில் பாதிப் பேர் காட்டு வேலைக்குத் திரும்பிவிட்டார்கள்.

திரௌபதி காத்திருந்தாள். பிபி 130/86. என் காலில் இருந்த சேற்றைப் பார்த்தாள்.

20 அக்டோபர், ஞாயிறு

வண்டியை மேட்டிலிருந்து தள்ளிக்கொண்டு வந்த கோகுலிடம் சொன்னேன். பிஸ்டன், காம்ஷாஃப்ட், சத்தம் போடுகிற சைலன்சர், எல்லாவற்றையும் கழற்று. கம்பெனியில் வந்தது என்னவோ அதைப் போடு.

"ஆறு மாசம் ஒக்காந்து கட்ன இன்ஜின் அண்ணி. அண்ணன் விட்டுட்டுப் போனதுல அதான் மிச்சம்."

எனக்கு எங்கிருந்து வந்ததோ. "அவரு விட்டுட்டுப் போனதுல நானும்தான்டா மிச்சம்! இந்த இன்ஜின நம்பி நான் ஒரு புள்ளத்தாச்சிய ஏத்தணும்டா. நடுவுல நின்னா நீ வந்து பதில் சொல்லுவியா?" கத்திவிட்டேன். அவன் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான்.

சாயங்காலம் வரை துணி துவைத்தேன். துவைத்ததையே மறுபடியும் துவைத்தேன்.

2 நவம்பர், சனி

கோகுல் வந்தான். டூல்ஸ் பையை இறக்கினான்.

பழைய சிலிண்டரையும் பிஸ்டனையும் அவர் கிரீஸ் பூசிக் கோணியில் கட்டி வைத்திருந்தார். எதற்கு என்று கேட்க ஆளில்லை. கோகுல் வேலூரிலிருந்து புது ரிங் வாங்கி வந்திருந்தான். செயின் மாட்டுகிற முன் பல்சக்கரத்தில், ஸ்ப்ராக்கெட்டில், ஒரு பல் குறைவானதைப் போட்டான். இழுவை கூடும், வேகம் குறையும்.

"ஸ்பீடு போய்டும் அண்ணி."

"போவட்டும். எங்க பறக்கப் போறேன்?"

பெரிய பிஸ்டனைக் கழற்றி என் கையில் கொடுத்தான். நினைத்ததைவிட லேசாக இருந்தது. ஏதாவது தோன்றும் என்று காத்திருந்தேன். தோன்றவில்லை. நீயே வைத்துக்கொள் என்று திருப்பிக் கொடுத்தேன். அவன்தான் அழுதான். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். என்ன பெண் நான்?

9 நவம்பர்

பாட்டில் பெட்ரோல்தான். அடிக்கிற சத்தம் இல்லை.

21 நவம்பர், வியாழன்

கரடிப்பாறை போக ஒரு மணி ஐம்பது நிமிடம். அவர் முப்பத்தைந்து நிமிடத்தில் போவார். நிற்கவில்லை. திரும்பும்போதும் நிற்கவில்லை. திரௌபதி பிபி 136/88. உப்பைக் குறைக்கச் சொன்னேன், வாரம் ஒருமுறை வருகிறேன் என்றேன்.

5 டிசம்பர், வியாழன்

திரௌபதி 150/100. முகம் வீங்கியிருக்கிறது, தலைவலி. இப்போதே கிளம்பு என்றேன்.

அவள் புருஷன் ராஜாக்கண்ணு தலையைச் சொறிந்தான். "சாமை கதிரடிக்கறது பாக்கி கீது. நாலு நாள்ல வர்றோமே. டேட்டு மார்கழிலதான?"

"சாமைய குருவி தின்னா அடுத்த வருசம் வெதைச்சிக்கலாம். இவளுக்கு ஒண்ணு ஆனா எதுல வெதைப்ப?"

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினான். திரௌபதியைப் பின்னால் உட்காரவைத்து, புடவையால் என்னோடு சேர்த்துக் கட்டிக்கொண்டேன். மேட்டில் நடந்துவந்த ராஜாக்கண்ணு எங்களை முந்திக்கொண்டு போய், உச்சியில் பீடி பற்றவைத்தான். அவ்வளவு வேகம். கையை இன்ஜின் பக்கம் கொண்டுபோய்ச் சூட்டைப் பார்த்துக்கொண்டே வந்தேன். என் முதுகில் குழந்தை உதைத்தது. ஒரு இடத்தில்கூட நிற்கவில்லை. கிளம்பும்போதே போன் பண்ணிச் சொல்லியிருந்த 108 ஆம்புலன்ஸ் ரோட்டில் நின்றிருந்தது.

வண்டி பற்றி எழுத வேறு எதுவும் இல்லை.

7 டிசம்பர், சனி

திருவண்ணாமலை ஆஸ்பத்திரிக்குப் போனேன். நேற்று ஆபரேஷன். பெண் குழந்தை, ஒரு கிலோ தொள்ளாயிரம் கிராம். கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள். நன்றாக மூச்சு விடுகிறது. திரௌபதிக்கு பிபி இறங்கிவிட்டது. டாக்டர், இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் இரண்டு பேருமே கஷ்டம் என்றார்.

கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றேன். எப்போது ஆரம்பித்தது என்று தெரியவில்லை. தரையில் உட்கார்ந்து, வராண்டாவில் எல்லோரும் பார்க்க, ஓவென்று அழுதுகொண்டிருந்தேன். ராணியம்மாள் ஓடிவந்து முதுகைத் தடவினாள்.

"நல்ல சேதிக்கு ஏம்மா அழுவற?"

"எங்க வூட்டுக்காரரு செத்துட்டாரும்மா" என்றேன்.

ராணியம்மாளுக்கு அது தெரியும். மலைக்கே தெரியும். என் வாயால் நான் சொன்னது இன்றுதான்.