சேகர் அண்ணனின் முக்கோணமும் என் பூச்சட்டியும்

காலமெல்லாம் என் வயிற்றெரிச்சலுக்குக் காரணமாயிருந்த அன்பு சேகர் அண்ணனுக்கு,

உங்கள் பதினாறாம் நாள் படையலில் எல்லாரும் உங்கள் படத்தைக் கும்பிட்டார்கள். நானோ பக்கத்துச் சுவரில் ஒட்டியிருந்த உங்கள் முக்கோண வரைபடத்தைக் கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டிருந்தேன். வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் என் நிலைமை உங்களுக்குத் தெரியாததா?

நம் லாபு ஊரில் உங்கள் வீட்டு மிளகாய்தான் மிளகாய். என் மனைவியாக இருந்துகொண்டே கமலா தினமும் சொல்கிறாள்: "என்னதான் சொல்லுங்க, சேகரண்ணன் மொளகா மாதிரி வராது லா." நீங்கள் போன பிறகும் நிறுத்தவில்லை. செத்துப்போன மனிதரோடு எப்படிப் போட்டி போடுவது? என் மிளகாயைக் கடித்து அவள் கண்ணில் ஒரு தடவை தண்ணீர் வர வேண்டும். அவ்வளவுதான் என் ஆசை.

வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அந்த முக்கோணத்தைக் காட்டுவீர்களே! மூலைக்கு ஒன்றாக மணல், களிமண், ஆட்டெரு. உள்ளே ஒரு புள்ளி. "மூணு பங்கும் சேந்தா நூறு. ஒரே புள்ளியில மூணும் அடங்கிரும், பாத்தியா?" தோட்டத்து ஆபீஸில் மண் சோதனை பார்த்தவர் சொன்னால் யார் மறுப்பார்கள்?

புள்ளி மணல் மூலைக்குக் கிட்டே இருந்தது. மூலையிலிருந்து எவ்வளவு தூரமோ அவ்வளவுதான் பங்கு என்று நினைத்து, மிளகாய்ச் செடிக்கு வைத்த பூச்சட்டியில் மணலை ஒரு பிடி தூவிவிட்டுக் களிமண்ணை அள்ளிக் கொட்டினேன். பூச்சட்டி செங்கல்லாகிவிட்டது. கமலா தட்டிப் பார்த்து, "வீடு கட்டப் போறீங்களா?" என்றாள்.

மானத்தை விட்டு அண்ணியிடம் போனேன்.

"ஐயோ தம்பி, தலைகீழா பாத்திருக்கீங்க! மூலைக்குக் கிட்டப் போகப் போகத்தான் கூடும். மூலையிலேயே நின்னா நூறும் மணலு. எதிர்க்கோட்டுல நின்னா மணலே இல்ல."

ரகசியம் கிடைத்துவிட்டது, அண்ணே, இனி உங்கள் ஆட்டம் முடிந்தது என்று எழுந்தேன். அண்ணி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"அவரு சரியாத்தான் கலந்தாரு. ஒரு செடியும் பொழைக்கல. அப்புறம் மந்தின் டவுன் கடையில மூட்டை மண்ணு வாங்கிக் கொட்டுனாரு. யாருக்கும் சொல்லாதேன்னாரு."

கமலாவிடம் ஒரு வார்த்தை போதும், உங்கள் மானம் கப்பலேறிவிடும். ஓடினேன். அவள் உங்கள் வேலியோரம் மிளகாய் பறித்தபடி, "அண்ணன் கைராசியே ராசி" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தாள். எரிந்தது. ஆனாலும் கூட நின்று மிளகாய் பறித்துக் கொடுத்தேன். நீங்கள் உயிரோடு இருந்திருந்தால் அங்கேயே போட்டு உடைத்திருப்பேன்.

சொல்ல மாட்டேன் அண்ணே, இது சத்தியம். இங்கே எழுதிவிட்டேனே என்று பயப்படாதீர்கள். நான் எழுதிய எதையும் கமலா இதுவரை படித்ததே இல்லை.

இன்னும் எரிச்சல் அடங்காத,
உங்கள் உடன்பிறவாத் தம்பி