ஷஹ்மாவின் நோன்புகள்

2025 பெப்ரவரி 11, செவ்வாய்

கட்டுகஸ்தோட்டைக் கடையை இன்று திறக்கவில்லை. மகள் ஷஹ்மாவின் நுரையீரலிலிருந்து எடுத்த துண்டின் பரிசோதனை முடிவு பேராதனை ஆஸ்பத்திரியில் கிடைத்தது. சயரோகம் இல்லையாம். சின்ன வயதில் எல்லோருக்கும் வந்து போகிற ஒரு வைரஸ், இவளுடைய வெள்ளை இரத்தக் கலங்களுக்குள் கிடந்து, அவற்றைப் பெருகவைத்து நுரையீரலை அரிக்கிறதாம். டொக்டர் லோஜினி யாழ்ப்பாணத்துப் பிள்ளை. "பதினேழு வயசில இது வாறது சரியான அருமை ஐயா. நானே இப்பதான் முதல் காணுறன்" என்றார். மருந்து இருக்கிறதா என்று கேட்டேன். "ஓம், செய்து பாப்பம்."

பெப்ரவரி 12

சயரோகம் என்று முதல் டொக்டர் தந்த குளிசை, ஐந்து மாதம். தினமும் முன்னால் நின்று விழுங்கவைத்தவன் நான். "வாப்பா, இது எனக்குக் கேக்குதில்ல" என்றாள். படிப்புக்குக் கள்ளம் என்று ஏசினேன். ஊருக்குத் தெரிந்தால் பெண் கேட்டு வரமாட்டார்கள் என்று வேறு டொக்டரிடமும் காட்டவில்லை. என்ன மனிதன் நான்?

மார்ச் 2

ரமழானின் தலை நோன்பு. ஒட்சிசன் குழாயோடு கிடக்கிறவளுக்கு ஏது நோன்பு? "எண்ணி வைங்க வாப்பா, பொறகு புடிச்சுக் குடுக்கிறன்" என்றாள்.

மார்ச் 14, வெள்ளி

ஜும்ஆ முடிந்து மௌலவி அகீலிடம் விசாரித்தேன். சுகமாகும் நோய் என்றால் பிறகு பிடிக்க வேண்டும். சுகமாகாது என்றால் விட்ட ஒவ்வொரு நோன்புக்கும் ஓர் ஏழைக்கு அரிசி கொடுக்க வேண்டும், அதுதான் பித்யா. "டொக்டர் என்ன செல்றார்?" என்றார்.

இதை வீட்டில் சொன்னது என் பிழை. மனைவி றமீஸா கையிலிருந்த கோப்பையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "உசிரோட ஈக்கிற என்ட புள்ளக்கி பித்யாவா? அவ புடிப்பா. இந்த வீட்டுல அந்தப் பேச்சு வேணாம்."

மார்ச் 20

காய்ச்சல் இறங்கவில்லை.

மார்ச் 26, புதன்

புதிய படம் எடுத்தார்கள். மருந்து கேட்கவில்லை. நோய் மூளைக்கும் ஏறிவிட்டதாம். "இனி பிள்ளைக்கு நோகாமல் பாத்துக்கொள்ளுவம் ஐயா" என்றார் லோஜினி. ஐந்து மாதம் முந்தி வந்திருந்தால் — கேட்டேன். அவர் படத்தை உறைக்குள் வைத்தார். யா அல்லாஹ், அந்த ஐந்து மாதம்.

றமீஸாவிடம் எப்படிச் சொல்வது?

மார்ச் 30, ஞாயிறு

பிறை கண்டுவிட்டார்கள். நாளை பெருநாள்.

ஆஸ்பத்திரியில் என் தங்கச்சியை நிறுத்திவிட்டு வீட்டுக்கு வந்தேன். றமீஸா குசினித் தரையில் உட்கார்ந்து அரிசி அளந்துகொண்டிருந்தாள். பக்கத்தில் சின்னச் சின்னப் பைகள், இருபத்தொன்பது. அவளே சொன்னாள்:

"நேத்து புள்ளதான் செல்லிச்சு. 'எனக்கு இனி புடிக்க ஏலா உம்மா, நீங்க குடுத்துடுங்க' எண்டு."

நானும் தரையில் உட்கார்ந்து பைகளின் வாயைக் கட்டினேன்.