ருடோவுக்காக எழுதிய பொய்

1985 செப்டம்பர் 2, திங்கள்
காலை முழுக்கத் தூறல். தோய்த்த உடுப்பு காயவில்லை. ஹீற்றருக்குப் பக்கத்தில் கதிரைகளில் விரித்தேன்.

சிம்பாப்வேயிலிருந்து கடிதம். ருடோ! சாம்பியாவில் நான் படிப்பித்த அகதிப் பிள்ளை. ஏழு வருடத்துக்குப் பிறகு. உயிரோடு இருக்கிறாள். கடவுளே, நன்றி.

தாதிப் பயிற்சிக்கு இடம் கிடைத்திருக்கிறதாம். ஆனால் பள்ளிச் சோதனைச் சான்றிதழில் பெயர் 'மேரி'. ருடோவும் மேரியும் ஒரே ஆள் என்று நான் சத்தியக் கடதாசி அனுப்ப வேண்டும். அந்தப் பெயரைச் சோதனை விண்ணப்பத்தில் எழுதியவன் நான்.

செப். 3
மறக்க முன் எழுதி வைக்கிறேன். ஆற்றுக்கு அக்கரையில், இன்றைய சிம்பாப்வேயில், அப்போது வெள்ளையர் ஆட்சி. ருடோவின் அண்ணன் போராடப் போனதால் வீட்டை எரித்து, தாயை முள்வேலிக்குள் அடைத்தார்கள். இவள் இக்கரையில், சாம்பியாவில், படிப்பது தெரிந்தால் தாய்க்கு இன்னும் அடி. அதனால் பொய்ப் பெயர். பிறந்த நாள் அவளுக்கே தெரியாது. என் மகள் வசந்தியின் நாளைப் போட்டேன்.

சோதனைக்கு முந்திய கிழமை அவர்களின் விமானங்கள் எங்கள் முகாமில் குண்டு போட்டன. வகுப்பில் சோக்குக் கட்டியும் கையுமாக விறைத்து நின்றேன். சட்டையில் பிடித்து இழுத்துக் குழிக்குள் தள்ளியவள் அவள்தான். "மெல்லத் தள்ளு பிள்ளை" என்று ஏசினேன். நன்றி சொல்லவில்லை. கடைசித் தாள் எழுதிய அன்றே ஆறு கடந்து போராடப் போய்விட்டாள்.

செப். 4
பென்ரோஸில் இருக்கும் தொழிற்சாலை வேலையால் மருமகன் வந்ததும் சொன்னேன்.
"மாமா, நீங்கள் இந்த நாட்டில எங்களோட இருக்கிறதுக்கான விசா முடிவு இன்னும் வரேல்லை. பொய்யா ஃபோம் நிரப்பினனான் எண்டு நீங்களே கையெழுத்து வைக்கிறதோ? கொஞ்சம் பொறுங்கோ."
நியாயம்தான். ஆனால் பயிற்சி ஒக்டோபரில்.
வசந்தி சிரித்தாள். "என்ர பிறந்தநாளைக் களவெடுத்தே குடுத்தனீங்கள்?" பிறகு கண்ணைத் துடைத்தாள். "அவ இழுத்திராட்டி எனக்கு அப்பா ஏது? நாளைக்கே போங்கோ."

செப். 5
வீட்டுக்குக் கிட்ட ஒடாஹுஹுவில் பஸ் பிடித்து ஒனிஹங்கா போனேன். சத்தியக் கடதாசிக்குச் சாட்சிக் கையெழுத்து வைக்கும் சமாதான நீதவான் ஒரு வெள்ளைக்காரர், முன்பு மருந்துக்கடை வைத்திருந்தவர். இரண்டு தரம் வாசித்தார்.
"பொய் எழுதினீர்களா?"
"எழுதினேன்."
"ஏன்?"
உதாரணம் சொல்லாமல் எனக்கு எதுவும் வராது. "உங்கள் கடைக்குள் ஒரு பிள்ளை ஒளிந்திருக்கிறது. தடியோடு ஒருவன் வந்து பெயர் கேட்கிறான். உண்மைப் பெயரைச் சொல்வீர்களா?"
பேனை மூடியைக் கழற்றினார். கையெழுத்திட்டு, முத்திரை குத்தி, மை காய ஊதினார். வாசல்வரை வந்து கை கொடுத்தார்.
பதிவுத் தபாலில் போட்டாயிற்று. தேயிலை வாங்க மறந்துவிட்டேன்.

ஒக். 18, வெள்ளி
நல்ல வெயில். ருடோவின் கடிதம். பயிற்சி தொடங்கிவிட்டதாம். "பெயரைத் திருத்திவிட்டார்கள், சேர். பிறந்த நாளையும் திருத்தவா என்றார்கள். வேண்டாம், அது எனக்குத் தந்தது என்றேன்."

வசந்திக்கு வாசித்துக் காட்டினேன். "அப்ப வாற மாசம் கேக்கில ரண்டு பேரின்ர பெயரும் போடுவம்."
ஓம் என்றேன். விசாக் கடிதம் இன்றும் இல்லை. ஒரு டசின் முட்டை வாங்க வேண்டும்.