நோய் என்று சொல்லாத ஊர்

அன்புள்ள தமாயோவுக்கு,

நீயும் வயிற்றுப் பிள்ளையும் சுகம்தானே? அத்தையின் இருமல் தணிந்ததா? நான் நலம்.

"வியாதியை டாக்டர் பாப்பாரு, கடல்ல கலக்குற ஆலைக் கழிவை வேதியியல்காரர் பாப்பாரு, சமூகவியல்காரனுக்குக் கடலோரத்துல என்னய்யா வேலை?" என்று டோக்கியோவில் எங்கள் துறைத் தலைவர் கிண்டல் செய்தாரே, அதற்கு நேற்று பதில் கிடைத்தது.

மீனவர் இவாகிச்சியின் வீட்டில் பேட்டி எடுத்துக்கொண்டிருந்தேன். அவர் மனைவி சுயே தணிந்த குரலில் சொன்னார்: "நீங்க வந்து போறதப் பாத்துட்டு, பக்கத்து வீட்டுக் கல்யாணத்துக்கு எங்களக் கூப்பிடல. வியாதின்னு வெளிய தெரிஞ்சா ஊர் மீன் விலைபோகாதாம்."

"யாருக்கு வியாதி?" என்று கேட்டேன்.

"யாருக்கும் இல்லீங்க" என்றார். சொல்லும்போதே அவர் கையிலிருந்த சோற்றுக் கிண்ணம் நழுவி விழுந்தது. "இந்தக் கை இப்பல்லாம் சொன்ன பேச்சு கேக்குறதில்ல" என்று சிரித்தார். இவாகிச்சி சிரிக்கவில்லை.

ஊர் இப்படி வாயடைத்துப் போனதை எந்த டாக்டரும் எழுதமாட்டார். அதை நாங்கள்தான் எழுத வேண்டும்.

ஒரு கம்பளிச் சட்டை அனுப்பு. பெரிய பொத்தானாகப் பார்த்து வாங்கு. சின்னது விரலுக்குப் பிடிபடவில்லை, குளிர்தான் காரணம். இரண்டு வரியாவது எழுது. தெருவில் என்னோடு யாரும் பேசுவதில்லை.

தபால்காரர் வாசலில் நிற்கிறார். போன மாதம் இந்த ஊரிலிருந்து நான் அனுப்பிய கருவாடு மீதி இருந்தால் நீ சாப்பிடாதே. பழசாகியிருக்கும், வேறொன்றுமில்லை.

உன்
கென்சாகு